தோகையை விடுங்கள், முதுகைப் பாருங்கள்: பெரிய, சிறிய சொர்க்கப் பறவைகளைப் பிரித்தறிய ஒரு முழு வழிகாட்டி

சொர்க்கப் பறவைக் குடும்பத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ள வழியே இல்லை. ஆனால் அஞ்சல்தலையிலும் நாள்காட்டியிலும் இணையத்திலும் நாம் அடிக்கடி பார்க்கும் அந்த மஞ்சள் தோகைப் பறவை உண்மையில் ஒரே பறவை இல்லை. மஞ்சள் தலை, பச்சைத் தொண்டை, செம்பழுப்பு உடல், மஞ்சளில் தொடங்கி வெண்மையாக முடியும் தோகை என்று ஒரே சாயலில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று பெரிய சொர்க்கப் பறவை, அறிவியல் பெயர் பாரடைசியா அபோடா. மற்றது சிறிய சொர்க்கப் பறவை, பாரடைசியா மைனர்.

இவற்றின் படங்களுக்குத் தவறான பெயர் போடுவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. காரணம் எளிது: கண் நேராகத் தோகைக்குப் போகிறது, தோகையோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். விடை இருப்பது யாரும் பார்க்காத இடங்களில், அதாவது மேல்முதுகிலும் இறக்கையின் தோள் பக்கத்திலும் மார்பிலும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்து பாருங்கள். முன்னதை விட்டுப் பின்னதற்குத் தாவினால் பிழை வரும்.

தொடங்கும் முன்: உடம்பின் பாகங்கள்

அலகின் அடியிலிருந்து பின்னோக்கிப் போனால் உச்சந்தலை, பிடரி, மேல்முதுகு. மடித்த இறக்கையில் தோளை ஒட்டி ஓடுகள் வேய்ந்ததுபோல் அடுக்கியிருக்கும் சிற்றிறகுகளை மூடிறகுகள் என்போம். முன்பக்கம் தொண்டை, அதன்கீழ் மார்பு. மார்பில் இறகுகள் நெருங்கித் தடித்து, சிறு மெத்தை வைத்ததுபோல் புடைத்திருக்கும்.

தோகை எங்கிருந்து வருகிறது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். மயிலைப் பார்த்துப் பழகிய கண் அதை வால் பக்கத்தோடு சேர்த்துவிடும். இங்கே தோகை முளைப்பது விலாவிலிருந்து, இறக்கைக்கு அடியில். உண்மையான வால் குட்டையானது, பழுப்பு நிறம். அதன் நடு இறகுகள் இரண்டும் இழைகளை இழந்து வெறும் கம்பிகளாக நீண்டு தொங்கும். படத்தில் வாலையும் தோகையையும் பிரித்துப் பார்த்துவிட்டால் பறவை எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பது தெளிவாகும். அது தெரியாமல் முதுகைத் தேட முடியாது.

படி 1: இடத்தைக் கேளுங்கள்

பறவையைப் பார்க்கும் முன்பே பாதி விடை இங்கே கிடைத்துவிடும். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கும் நியூ கினித் தீவின் குறுக்கே கிழக்கு மேற்காக ஓர் உயர்ந்த மலைத்தொடர் ஓடுகிறது. இரண்டு இனங்களும் தாழ்நிலக் காடுகளிலும் குன்றுகளிலும் வாழ்பவை. உயர்மலையைக் கடந்து கலப்பதில்லை. ஆகவே மலைக்குத் தெற்கே ஒன்று, வடக்கிலும் மேற்கிலும் மற்றொன்று என்று பிரிந்து கிடக்கின்றன.

பெரியது வாழ்வது ஆரு தீவுகளிலும் நியூ கினியின் தென்மேற்குத் தாழ்நிலத்திலும், அதாவது திமிக்கா பக்கத்திலிருந்து கிழக்கே ஃபிளை ஆற்றுப் படுகை வரை. மெராவுக்கே அருகிலுள்ள வாசூர் தேசியப் பூங்காவில் எடுத்த படமென்றால் பெரியது என்று தொடங்கலாம். பப்புவா நியூ கினியின் கியுங்கா பக்கமும் அதுதான். ஆனால் அங்கே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு, படி 6-இல் சொல்கிறோம்.

சிறியது வாழ்வது பறவைத்தலைத் தீபகற்பம் எனப்படும் வோகெல்காப், மிசூல் தீவு, யாப்பன் தீவு, பிறகு வடக்குக் கரையோரமாகக் கிழக்கே நெடுந்தூரம். சோரோங், ஜயபுராவை அடுத்த நிம்போக்ராங், மடாங் என்று பயணக் குறிப்புகளில் வரும் ஊர்கள் எல்லாம் இதன் எல்லைக்குள் வருகின்றன.

இடம் சொல்லும் விடையை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. "பப்புவா" என்று மட்டும் குறிப்பிட்டிருந்தால் அது ஒன்றும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியப் பப்புவாவில் இரண்டும் இருக்கின்றன. உயிரியல் பூங்காவில் எடுத்த படத்துக்கு இடம் உதவாது. பழைய கரீபியன் படங்கள் தனிக்கதை: டொபேகோவை ஒட்டிய சின்னஞ்சிறு தீவான லிட்டில் டொபேகோவில் 1909 முதல் சர் வில்லியம் இங்க்ரம் ஆரு தீவுகளின் பெரிய சொர்க்கப் பறவைகளைக் கொண்டுபோய் விட்டார். அவை பல பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்தன. 1963-இல் வீசிய ஃபுளோரா புயல் அந்தக் கூட்டத்தைக் குலைத்தது. பிறகு மெல்ல மறைந்துபோயின. அந்தத் தீவுப் படம் எதுவானாலும் பெரியதுதான்.

படி 2: ஆணா, பெண்ணா, வளரும் ஆணா?

இதைத் தீர்க்காமல் நிறத்துக்குப் போகாதீர்கள். முழு வளர்ச்சியடைந்த ஆணுக்கான அடையாளங்களைப் பெண்ணிடம் தேடினால் எதுவும் பொருந்தாது.

தோகையும் வால் கம்பிகளும் இருந்தால் வளர்ந்த ஆண். மஞ்சள் தலையும் பச்சைத் தொண்டையும் இருந்து தோகை இல்லையென்றால் இரண்டு வாய்ப்புகள்: வளரும் ஆண், அல்லது தோகையை உதிர்த்துவிட்டுப் புதியதுக்குக் காத்திருக்கும் வளர்ந்த ஆண். வால் கம்பியைப் பாருங்கள். நடு வாலிறகுகள் மற்றவற்றைவிடச் சற்றே நீண்டு, இரு பக்கமும் இழைகளோடு இருந்தால் வளரும் ஆண். மஞ்சள் தலையோ பச்சைத் தொண்டையோ இல்லையென்றால் பெண், அல்லது பெண்ணைப் போலவே தோன்றும் இளம் ஆண். இந்தக் கடைசி இரண்டையும் படத்தில் பிரிக்க முயல வேண்டாம். "பெண் போன்ற தோற்றம்" என்று எழுதினால் போதும்.

ஆண் பறவை இந்த மாற்றங்களை ஒரே ஆண்டில் முடிப்பதில்லை. 1857-இல் ஆரு தீவுகளில் தங்கியிருந்த ஆங்கிலேய இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் அதைக் கவனித்து எழுதினார். முதலில் தலையும் தொண்டையும் நிறம் மாறும், நடு வாலிறகுகள் கொஞ்சம் நீளும். பிறகு அவை கம்பியாகும். எல்லாவற்றுக்கும் கடைசியில் விலாத் தோகை. குறைந்தது மூன்று முறையாவது இறகு உதிர்த்தால்தான் இது நிறைவேறும் என்று கணித்தார். ஆகவே ஒரே மரத்தில் நான்கு விதமாக உடுத்த பறவைகளைக் கண்டால், நான்கு இனங்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

படி 3: மேல்முதுகும் தோளும்

வளர்ந்த ஆணாக இருந்தால் தீர்ப்பு இங்கேதான். நேரம் எடுத்துப் பாருங்கள்.

பெரியதில் தலையின் மஞ்சள் பிடரியோடு நின்றுவிடுகிறது. ஒரு மஞ்சள் தொப்பியைக் காதுவரை இழுத்து மாட்டிக்கொண்டதுபோல் இருக்கும். அதற்குக் கீழே முதுகு, இறக்கை, வால் எல்லாம் ஒரே செம்பழுப்பு. நன்றாக வறுத்த காப்பிக்கொட்டையில் சிவப்பு கொஞ்சம் கலந்த நிறம். மடித்த இறக்கையில் மஞ்சள் துளிகூட இராது.

சிறியதில் மஞ்சள் பிடரியோடு நிற்பதில்லை. அப்படியே வழிந்து மேல்முதுகு முழுவதும் பரவுகிறது, சிறு சால்வை போர்த்தியதுபோல. இறக்கையின் மூடிறகுகளிலும் மஞ்சள் ஏறி, மடித்த இறக்கையின் குறுக்கே ஒரு பட்டையாகத் தெரியும். பறவை முழுக்க பக்கவாட்டில் நின்று முதுகு தெரியாமல் போனாலும் இந்தப் பட்டை பெரும்பாலும் கண்ணில் படும். அதனால் எங்கள் கணிப்பில் ஆண்களைப் பிரிக்க இதைவிட நம்பகமான அடையாளம் வேறில்லை.

பிழை வரும் இடம் ஒன்று உண்டு. பெண்ணைக் கவர ஆடும் ஆட்டத்தின்போது ஆண் தோகையை முதுகுக்கு மேல் தூக்கி விரித்துவிடும். அப்போது முதுகின் மேல் மஞ்சள் இருப்பதுபோல் தோன்றும், அது தோகை. மேல்முதுகின் இறகுகள் குட்டையானவை, விளிம்பு ஒழுங்கானது, உடலோடு ஒட்டிக் கிடப்பவை. தோகை இழைகள் பிசிறுபிசிறாகப் பிரிந்து, காற்றில் அலையும். பெரிதாக்கிப் பார்த்தும் இரண்டும் பிரியவில்லையென்றால் அந்தப் படத்தை விட்டுவிட்டு, தோகை தாழ்ந்திருக்கும் வேறு படத்தை எடுங்கள். காணொளியாக இருந்தால் ஆட்டம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் வரும் நொடிகள்தான் பயன்படும்.

படி 4: மார்பு

முதுகு தெரியாமல் பறவை நம்மை நோக்கி நிற்கும் படங்களுக்கு இது உதவும். பச்சைத் தொண்டைக்குக் கீழே பெரியதில் மார்பு கறுப்பை நெருங்கிய பழுப்பு. வயிற்றின் நிறத்தோடு ஒப்பிட்டால் மார்பு தனித் துண்டாக, ஒரு கரிய மெத்தையாகத் தெரியும். சிறியதில் மார்பு கருஞ்செம்பழுப்போடு நின்றுவிடும், அந்தக் கறுப்பு வராது.

இது முதுகைப் போல் உறுதியான சான்று இல்லை. நிழலில் செம்பழுப்பும் கறுப்பாகிவிடும். வயிறும் மார்பும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும்போது மட்டும் இரண்டையும் ஒப்பிடுங்கள். தனி நிறமாகப் பார்க்காமல் வேறுபாட்டைப் பாருங்கள்.

தொண்டைப் பச்சையை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டாம். அந்தப் பளபளப்பு இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் உண்டாவது. கோணம் மாறினால் மரகதம், இன்னும் கொஞ்சம் திரும்பினால் வெறும் கறுப்பு. ஒரே பறவை தலையை ஆட்டும்போதே இவ்வளவும் நடக்கும்.

படி 5: பெண் பறவை

இது எல்லாவற்றிலும் சுலபமான படி. ஆனால் அதிகம் கைவிடப்படுவதும் இதுதான். அலங்காரம் இல்லாத பறவை என்று யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

பெரியதின் பெண் மேலும் கீழும் ஒரே பழுப்பு. கோடோ புள்ளியோ இல்லை. சிறியதின் பெண்ணுக்குத் தலை அடர்ந்த பழுப்பு, முதுகு செம்பழுப்பு, அடிப்பக்கமோ வெண்மை. மார்பிலிருந்து வயிறு வரை வெளுத்த அந்த நிறம் இலைகளுக்கு நடுவில் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். ஒரு மரத்தில் ஆண்கள் ஆடிக்கொண்டிருக்க, எல்லா ஆண்களின் முதுகும் மறைந்திருந்தாலும், பக்கத்துக் கிளையில் வந்து அமரும் ஒரு பெண்ணின் வயிற்றைப் பார்த்தே மொத்தக் கூட்டத்தின் இனத்தைச் சொல்லிவிடலாம். ஆகவே ஆட்டக்களத்தின் படங்களில் ஓரங்களைத் தேடுங்கள்.

கூடு கட்டுவதும் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் பெண் மட்டுமே. கூட்டில் இருக்கும் பறவைக்கு "ஆண்" என்று தலைப்பிட்ட படம் வந்தால் அந்தத் தலைப்பின் மற்ற விவரங்களையும் நம்புவதற்கு முன் யோசியுங்கள்.

படி 6: மூன்றாவது ஒரு பறவை குறுக்கே வந்தால்

நியூ கினியின் தென்கிழக்கில் ராகியானா சொர்க்கப் பறவை வாழ்கிறது. பப்புவா நியூ கினியின் தேசியச் சின்னத்தில் இருப்பது அதுதான். அதன் தோகை சிவப்பு அல்லது ஆரஞ்சு. தொண்டைப் பச்சைக்கும் கரிய மார்புக்கும் நடுவே ஒரு மஞ்சள் வளையம் ஓடும். நம் இரண்டு இனங்களிலும் அந்த வளையம் இல்லை.

ராகியானா, பெரியதைச் சந்திக்கும் ஃபிளை ஆற்றுப் பகுதியில் அதோடு கலக்கிறது. பையர் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் சிறியதோடு கலக்கிறது. கலப்புப் பறவைகள் இரண்டு பக்கச் சாயலையும் சுமந்திருக்கும். அதனால் இந்த எல்லைப் பகுதிப் படங்களில் இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேளுங்கள். தோகை மஞ்சளை விட்டு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருக்கிறதா? தொண்டைக்குக் கீழே, மெலிதாகவோ விட்டுவிட்டோ, மஞ்சள் கோடு தெரிகிறதா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் "கலப்பு இருக்கலாம்" என்று குறியுங்கள். அதிகாலைச் செவ்வொளி மஞ்சள் தோகையையும் ஆரஞ்சாக்கிவிடும் என்பதால், தோகை நிறம் மட்டும் ஐயம் தந்தால் அதே படத்தில் தலையின் மஞ்சளையும் பாருங்கள். தலையும் ஆரஞ்சாக இருந்தால் குற்றம் வெளிச்சத்தின் மேல்.

எதை நம்பி முடிவு செய்யக் கூடாது

அளவு: பெயரே பெரிய, சிறிய என்று இருப்பதால் இதில்தான் முதலில் கை வைக்கத் தோன்றும். வால் கம்பிகளை விட்டு அளந்தால் பெரியதின் ஆண் ஏறத்தாழ 43 செ.மீ., சிறியதின் ஆண் ஏறத்தாழ 32 செ.மீ. முன்னது நம் ஊர்க் காகத்தின் அளவு. பின்னது காகத்துக்கும் மைனாவுக்கும் இடைப்பட்டது. கையில் பிடித்தால் வேறுபாடு அப்பட்டமாகத் தெரியும். முப்பது மீட்டர் உயரக் கிளையில் தனியாக நிற்கும் பறவைக்கு அளவுகோல் ஏது? கையில் இருக்கும் அருங்காட்சியக மாதிரிக்கு மட்டும் அளவைப் பயன்படுத்துங்கள்.

ஆட்டம்: ஆண்கள் உயர மரக்கிளைகளில் கூடுகின்றன. கிளையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளி எறிந்து களத்தைச் சுத்தப்படுத்துகின்றன. இறக்கையை விறைப்பாக நீட்டி, தோகையை முதுகின் மேல் எழுப்பி, குனிந்து அசையாமல் நிற்கின்றன. இந்த வருணனை இரண்டுக்கும் பொருந்தும். குரலும் அப்படியே, உரத்த "வாக்-வாக்-வாக்" இரண்டின் காட்டிலும் விடியலில் கேட்கும். பழகாத காதுக்கு அதிலிருந்து இனம் பிரிக்க முடியாது.

தனி இறகு: தலையணியில் செருகிய தோகையையோ பழைய தொப்பியில் தைத்த தோகையையோ காட்டி இனம் கேட்பார்கள். விலாத் தோகையை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். மேல்முதுகோடு சேர்ந்த தோல் இருந்தால் படி 3 உண்டு. இவ்விரு இனங்களும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. இறகை விலை கொடுத்து வாங்கிப் பார்க்கும் எண்ணம் வேண்டாம். இறகு வணிகம் இந்தப் பறவைகளை எவ்வளவு சூறையாடியது என்பதற்குப் பெயரே சாட்சி. காலை வெட்டிப் பதப்படுத்திய தோல்கள்தாம் ஐரோப்பாவுக்குப் போயின. அவை தரையிறங்காத, காலில்லாத பறவைகள் என்று கதை பரவியது. 1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் சூட்டிய "அபோடா" என்ற சொல்லின் பொருளே காலற்றது என்பதுதான்.

பெயர்: நம் தோப்புகளில் வெள்ளை நாடாவாக வாலை இழுத்துக்கொண்டு பறக்கும் அரசவால் ஈப்பிடிப்பானை ஆங்கிலப் பெயரில் "பாரடைஸ்" இருப்பதால் சிலர் இந்தக் குடும்பத்தில் சேர்க்கிறார்கள். அது வேறு குடும்பம்.

நேரில் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

விடிவதற்கு முன்பே மறைவிடத்தில் அமர்ந்துவிடுங்கள். ஆட்டம் சூடுபிடிப்பது முதல் வெளிச்சத்தில்; வெயில் ஏற ஏற அடங்கிவிடும். பறவைகள் இறகு உதிர்க்கும் பருவத்தில் போனால் களம் வெறிச்சோடிக் கிடக்கும். ஆருவில் ஜனவரி, பிப்ரவரியில் உதிர்த்து மே மாதம் முழு அலங்காரத்தோடு ஆடுவதாக வாலஸ் குறித்திருக்கிறார். மற்ற இடங்களுக்கு உள்ளூர் வழிகாட்டியிடம் கேட்பதே சரி.

8×42 இருநோக்கி போதும். கேமராவுக்கு 400 முதல் 600 மி.மீ. லென்ஸ் தேவைப்படும். பறவைக்குப் பின்னால் வெளுத்த வானம் இருப்பதால் கேமரா தானாக எடுக்கும் அளவில் பறவை கரிய நிழலாகிவிடும். மார்பு, முதுகு எல்லாம் போய்விடும். ஒளியளவை ஒன்று முதல் இரண்டு நிறுத்தம் (ஸ்டாப்) வரை கூட்டுங்கள். வானம் வெளுத்தாலும் பரவாயில்லை. ஷட்டர் வேகம் ஆட்டத்துக்கு 1/1000 நொடி வேண்டும். அசையாமல் நிற்கும்போது 1/250 போதும்.

தோகை விரிந்த ஒரு படத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். குறைந்தது மூன்று படம் தேவை: இறக்கை மடித்துப் பக்கவாட்டில் நிற்பது, முதுகு காட்டுவது, மார்பு காட்டுவது. பக்கத்தில் பெண் இருந்தால் அதன் அடிவயிறு நான்காவது. அழகான படம் முதல் வகையில் வராது, ஆனால் பெயர் அதில்தான் இருக்கிறது.

குறிப்பு எழுதும் முறையும் ஓர் எடுத்துக்காட்டும்

குறிப்பேட்டில் ஐந்து வரி போதும்: இடம் (ஊரும் ஆற்றுப் படுகையும்), நாள், பால் மற்றும் வளர்ச்சி நிலை, பார்த்த அடையாளங்கள், பார்க்க முடியாமல் போன அடையாளங்கள். கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள். "முதுகில் மஞ்சள் இல்லை" என்பதும் "முதுகு தெரியவில்லை" என்பதும் ஒன்றல்ல. பின்னாளில் அந்தக் குறிப்பைச் சரிபார்ப்பவருக்கு இந்த வேறுபாடு மிகவும் முக்கியம்.

இப்போது ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம். தலைப்பில் "பெரிய சொர்க்கப் பறவை, நிம்போக்ராங்" என்று இருக்கிறது. கிளையில் தோகையை உயர்த்திய ஆண், நம்மை நோக்கி. ஓரத்தில் இலை மறைவில் இன்னொரு பறவை.

இடம் வடக்குக் கரை: சிறியதற்குச் சாய்வு, தலைப்போடு முரண். முதன்மைப் பறவைக்குத் தோகை உண்டு: வளர்ந்த ஆண். மேல்முதுகு தோகையில் மறைந்திருக்கிறது: பதிவு செய்ய ஒன்றுமில்லை. விறைத்து நீண்ட இடது இறக்கையின் தோளில் மஞ்சள் தெரிகிறது. பெரிதாக்கினால் இறகுகள் குட்டையாக, ஒழுங்கான விளிம்போடு இருக்கின்றன, தோகை இழை இல்லை. மார்பு பின்னொளியில் கறுத்துப் போயிருக்கிறது, வயிறும் அப்படியே: ஒப்பிட முடியாது, தள்ளிவிடலாம். தொண்டைக்குக் கீழே மஞ்சள் வளையம் இல்லை. ஓரத்துப் பறவைக்குக் கரும்பழுப்புத் தலை, இலை இடுக்கில் வெள்ளை வயிறு.

குறிப்பில் எழுத வேண்டியது: சிறிய சொர்க்கப் பறவை, வளர்ந்த ஆண் ஒன்று, பெண் போன்ற தோற்றம் ஒன்று, தோள் பட்டை, வெள்ளை அடிவயிறு, இடம் ஆகிய மூன்றும் பொருந்துகின்றன, மேல்முதுகும் மார்பும் பார்க்க முடியவில்லை, தலைப்பு திருத்தப்பட வேண்டும்.